பகலுக்கு மாற்றிய பூசை

என் வீட்டுக்காரரைப் போலீஸ் சுட்டது நியாயம்தான் என்று கோர்ட்டில் முடிவு சொன்ன அன்று, காலையில் நான் ரசம் வைத்துவிட்டுத்தான் போயிருந்தேன். வந்து அதைச் சூடாக்கி நானும் என் மகளும் சாப்பிட்டோம். புளி கொஞ்சம் தூக்கலாக இருந்தது. அந்த நாளைப் பற்றி யார் கேட்டாலும் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது அந்த ரசம்தான். கேட்கிறவர்களுக்கு இது பிடிப்பதில்லை. மாரில் அடித்துக்கொண்டு விழுந்து புரண்டேன் என்று சொன்னால்தான் அவர்களுக்குத் திருப்தி. அதற்கு நான் என்ன செய்ய முடியும்?

அப்போது நாங்கள் தேக்காவில் இருந்தோம். சிராங்கூன் ரோட்டிலிருந்து உள்ளே போகும் ஒரு சந்தில், கடைவீட்டு மாடியில் ஒரே ஒரு அறை. பலகைத் தடுப்புக்கு அந்தப் பக்கம் இன்னொரு குடும்பம். அவர்கள் தும்மினால் எங்களுக்குக் கேட்கும். பக்கத்துத் தெருவில் மசாலா அரைக்கிற மில்லில் எனக்கு மிளகாய் புடைக்கிற வேலை. அவர் தஞ்சோங் பகார் துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவர். கல்யாணத்துக்கு முன்பு அங்கேயே தொழிலாளர் லயன் வீடுகளில் இருந்தவர். மகளுக்கு எட்டு வயது. இவ்வளவுதான் எங்கள் குடும்பம்.

அவர் பயந்த மனிதர். இதை நான் அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. பேப்பரில் போட்டதைப் படித்தவர்களுக்கு வேறு மாதிரி ஆள்தான் கண்ணில் தெரிவார். மார்க்கெட்டில் உயிர்க்கோழி வாங்கி வந்தால் நான்தான் அறுப்பேன். அவர் படிக்கட்டுப் பக்கம் போய் நின்றுகொள்வார். பக்கத்து அறைக்காரன் சண்டைக்கு வந்தால், "விடு, விடு" என்று என் சேலையைப் பிடித்து இழுப்பாரே தவிர, அவனிடம் ஒரு வார்த்தை பேச மாட்டார். எனக்கு எரிச்சல் எரிச்சலாக வரும். "ஆம்பளையா ஏன்தான் பொறந்தீங்களோ" என்று திட்டியிருக்கிறேன். சிரித்துவிட்டுப் போவார்.

வருஷத்தில் ஒரு நாள் மட்டும் அவர் மேல் முனி வரும்.

லயன் வீடுகளுக்குப் பின்னால் ஒரு பெரிய மரம். அதன் அடியில் ஒரு கல், ஒரு சூலம், லாரிப் பட்டையை அடித்துச் செய்த ஒரு நீண்ட அருவாள். ஊரிலிருந்து வந்தவர்கள் காவலுக்கு இருக்கட்டும் என்று முனீஸ்வரனை அங்கே வைத்திருந்தார்கள். வருஷப் பூசைக்குச் சுருட்டும் ஸ்டவுட் பீர் போத்தலும் வைத்து, மேளம் அடித்ததும் இவர் மேல் சாமி இறங்கும். ஒரே வெட்டில் கெடாவின் தலை விழும். அதற்குப் பிறகு வேட்டை. அருவாளோடு சாமி லயனை விட்டு வெளியே வந்து, முச்சந்தி வரை நடந்து, எல்லையைப் பார்த்துவிட்டுத் திரும்பும். ஜனங்கள் பின்னால்தான் போக வேண்டும். எதிரே யாரும் நிற்கக் கூடாது. பின்னாலிருந்து கூப்பிடக் கூடாது. மேலே கை வைக்கக் கூடாது. மரத்தடிக்குத் திரும்பியதும், தலை குனிந்து வரிசையாக நிற்கிறவர்களின் தோளில், அருவாளை ஓங்கி இறக்கி, அதன் பட்டைப் பக்கத்தை மெல்ல வைக்கும். அதுதான் ஆசீர்வாதம்.

சாமி மலையேறிய பிறகு அவரைப் பாயில் படுக்க வைப்பார்கள். கண்ணைத் திறந்தால் தண்ணீர் கேட்பார். நடந்தது எதுவும் அவருக்குத் தெரியாது. என்னைத் தேடிக் கையைப் பிடித்துக்கொண்டு, "யாருக்கும் ஒண்ணும் ஆகலியே?" என்பார். வருஷம் தவறாமல் இதே கேள்வி. "ஒண்ணும் ஆகல, தூங்குங்க" என்பேன்.

ஒரு வருஷம் மட்டும் ஆனது. அருவாளின் பட்டை விழ வேண்டிய இடத்தில் வெட்டுவாய் விழுந்துவிட்டது. கப்பலுக்குச் சாயம் அடிக்கிற ஒரு ஆளின் தோளில் நல்ல வெட்டு. எலும்பு தெரிந்தது. ஆஸ்பத்திரியில் கப்பலில் வழுக்கி விழுந்ததாகச் சொல்லித் தையல் போட்டுக் கூட்டி வந்தார்கள். அந்த ஆள் சாவு வீட்டுக்குப் போய்விட்டுத் தீட்டோடு வந்து நின்றான், அதனால்தான் சாமி வெட்டியது என்றார் தண்டல். தண்டல் என்றால் அவர்களுடைய மூட்டைக் கும்பலுக்குத் தலைவர். பூசைக்கும் அவர்தான் பெரிய ஆள். வெட்டுப்பட்டவனே, "ஆமா, தப்பு என்மேலதான்" என்று கையெடுத்துக் கும்பிட்டான். எல்லாரும் ஒத்துக்கொண்டார்கள். அன்றைக்கும் இவர் கண்ணைத் திறந்து கேட்டார். நான் நடந்ததைச் சொன்னேன். எழுந்து போய் மரத்துக்கு அந்தப் பக்கம் வாந்தி எடுத்தார்.

மறு வருஷம் பூசைக்கு வரமாட்டேன் என்று தண்டலிடம் சொல்லிப் பார்த்தார். "வர்றதுக்கும் வராததுக்கும் நீ யாருய்யா? அது எறங்குற எடத்துல எறங்கும்" என்றார் தண்டல். போனார். இறங்கியது.

நான் சொல்லும் வருஷம் அறுபதுகளின் நடுவில். ஊரில் கலகம். ஊரடங்கு போட்டார்கள், எடுத்தார்கள், மறுபடியும் போட்டார்கள். இருட்டிவிட்டால் வாசலில் தலை காட்ட முடியாது. முக்குக்கு முக்கு மாத்தா. போலீஸ்காரரை நாங்கள் மலாயில் சொல்கிற மாதிரி மாத்தா என்றுதான் சொல்வோம். இந்த வருஷம் பூசை வேண்டாம், ஒத்திப்போடலாம் என்று சிலர் சொன்னார்கள். நிறுத்தினால் காவலுக்கு யார் இருப்பார் என்று தண்டல் கேட்டார். வழக்கமாக இரவில் செய்கிற பூசையைப் பகல் பன்னிரண்டு மணிக்கு வைத்துக்கொள்வது என்று முடிவானது.

தண்டல் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய் முறையாகக் கேட்டார். மேளம் அடிப்போம், கெடா வெட்டுவோம், சோறு போடுவோம் என்று சொன்னார். சரி என்றார்கள். வேட்டையைப் பற்றிச் சொல்லவில்லை. ஒளிக்க வேண்டும் என்றெல்லாம் இல்லை. இரவில், ஆளில்லாத ரோட்டில் நடப்பதை எந்த வருஷமும் யாரிடமும் சொன்னதில்லை. ஆகவே இந்த வருஷமும் சொல்லத் தோன்றவில்லை. பூசையைப் பகலுக்கு மாற்றினோம். சாமி போகிற வழியை மாற்ற ஒருவருக்கும் புத்தி வரவில்லை. சாமிக்கு வழி சொல்வதற்கு நாம் யார் என்றிருந்தோம்.

நான் பொம்பளைகளோடு பின்னால் நின்றேன். நல்ல வெயில். கெடா விழுந்தது. சாமி சுருட்டை வாயில் வைத்துக்கொண்டு, ரத்தம் சொட்டும் அருவாளோடு லயனை விட்டு வெளியே போனது. நாங்கள் ஒதுங்கி வழிவிட்டுப் பின்னால் போனோம். முச்சந்தியில் மரத்தடுப்பு போட்டு மூன்று மாத்தாக்கள் நின்றார்கள். நின்றதை நாங்கள் எல்லாரும் பார்த்தோம். முதலில் ஒருவர் மலாயில் நிற்கச் சொன்னார். சாமி நடந்தது. பிறகு இன்னொருவர், தமிழர், சின்ன வயசு, முன்னால் வந்தார். "அண்ணே, கீழ போடுங்க. அண்ணே, அதக் கீழ போட்டுருங்க" என்றார். நல்ல தமிழ். மரியாதையாகத்தான் சொன்னார். ஆனால் அங்கே நடந்து போனது அண்ணன் இல்லையே. முன்னால் போய் மறிக்கவும் எங்களில் ஒருவருக்கும் கால் வரவில்லை, கூப்பிடவும் வாய் வரவில்லை. சாமி அருவாளை ஓங்கியது. வெடிச் சத்தம் இரண்டு கேட்டது.

பின்னால் மரத்தடியில் மேளக்காரருக்கு விஷயம் தெரியாது. அவர் அடித்துக்கொண்டே இருந்தார். அந்த மேளம் நிற்கும் வரைக்கும் நான் நின்ற இடத்திலேயே நின்றேன். அப்புறம் யாரோ என்னைத் தோளைப் பிடித்து உட்கார வைத்தார்கள்.

அதற்குப் பிறகு நாட்கள் எப்படிப் போயின என்றால், போயின. காரியம் முடிந்ததும் மில்லுக்குப் போனேன். மிளகாய் புடைத்தேன். எல்லாருக்கும் கண்ணில் தண்ணீர் வரும் இடம் அது. எனக்கும் வந்தது, மிளகாயினால். முதலாளியம்மா என் முதுகைத் தடவி, "அழுடி, நல்லா அழு" என்றார். இது மிளகாய் என்று சொன்னால் அந்த அம்மா வருத்தப்படும் என்று சும்மா இருந்தேன். ராத்திரி படுத்தால் தூக்கம் வந்தது. பசித்தது. எனக்கே என்மேல் அருவருப்பாக இருந்தது, ஆனால் அந்த அருவருப்பும் எங்கோ தள்ளி நின்றது. மனசில் ஒரே ஒரு விஷயம்தான் இருந்தது. அவர் அந்தப் போலீஸ்காரப் பையனை வெட்டியிருப்பாரா, இல்லை அருவாளின் பட்டையைத் தோளில் வைத்திருப்பாரா? இது தெரிந்தால் போதும் என்றிருந்தது. மகள் ஒரு நாள் கேட்பாள். அவளுக்குச் சொல்ல என்னிடம் ஏதாவது இருக்க வேண்டும்.

மரண விசாரணைக்கு முந்தின நாள் தண்டல் வீட்டுக்கு வந்தார். மாடிப்படி ஏறிய மூச்சு இரைப்பு அடங்கும் வரை உட்கார்ந்திருந்தார். நான் காப்பி போட்டுக் கொடுத்தேன்.

"தங்கச்சி, கோர்ட்டுல கேப்பாங்க. முன்ன யாரையாச்சும் வெட்டியிருக்காரான்னு."

"ம்."

"இல்லைன்னு சொல்லிரு. அருவாளுக்குக் கூரே கெடையாது, சும்மா சாமிக்கு வச்சதுன்னு சொல்லு."

"கெடா எப்படி விழுந்துச்சுன்னு கேப்பாங்க."

அவர் காப்பியைப் பார்த்தார். "அவன் பேரு கெட்டுப்போகக் கூடாதுல்ல தங்கச்சி. சாமி பேரும் கெட்டுப்போகக் கூடாது. சுத்தமா இருக்கறவன முனி வெட்டாது. அந்தப் பையன் வேதக்காரன், சர்ச்சுக்குப் போறவன். சாமிக்கு எதிர நின்னுட்டான். அவ்வளவுதான்."

"எதிர நிக்கக் கூடாதுன்னு அவங்கிட்ட யாருண்ணே சொன்னீங்க?" என்றேன். அவர் காப்பியைக் குடித்துவிட்டுப் போனார். இவருக்கு எல்லாம் தெளிவாக இருக்கிறது, எனக்கு மட்டும்தான் ஒன்றும் தெரியவில்லை என்று எனக்கு அப்போது ஆத்திரம் வந்தது. அந்த மாதத்திலேயே நான் உணர்ந்தது அது ஒன்றுதான்.

மகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பாமல் கோர்ட்டுக்குக் கூட்டிப் போனேன். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் கேட்கிற கேள்விகளுக்குக் கோர்ட்டே தேவலை என்று பட்டது. அவளை உள்ளே விடவில்லை. வெளி வராந்தாவில் பெஞ்சில் உட்கார வைத்தேன்.

முதலில், சுட்ட அந்தச் சின்ன வயசுப் போலீஸ்காரர் ஏறினார். தொப்பியில்லாமல் பார்த்தபோது இன்னும் சின்னப் பையனாகத் தெரிந்தார். பைபிளில் கை வைத்துச் சத்தியம் செய்தார். இங்கிலீஷில் பேசினார். பக்கத்தில் நின்ற மொழிபெயர்ப்பாளர் அதை எனக்குத் தமிழில் மெல்லச் சொன்னார். ஒரு தமிழன் சொல்வதை எனக்கு இன்னொரு தமிழர் தமிழில் சொல்லித் தர வேண்டிய கூத்தை யாரிடம் போய்ச் சொல்வது? சாமி ஆடுவதைப் பார்த்திருக்கிறாயா என்று விசாரணை அதிகாரி கேட்டார். பார்த்திருக்கிறேன், தூரத்திலிருந்து, அருவாளுக்குக் கீழே நின்றதில்லை என்றார் பையன். பின்னால் விலகியிருக்கலாமே என்று கேட்டார். முதுகில் மரத்தடுப்பு இடித்தது என்றார். காலில் சுட்டிருக்கலாமே? காலைப் பார்த்துச் சுட்டால் குறி தப்பும், பின்னால் பொம்பளைகளும் பிள்ளைகளும் வந்துகொண்டிருந்தார்கள் என்றார். எவ்வளவு தூரத்தில் இருந்தார் என்று கேட்டபோது, கையை நீட்டி, எதிரே இருந்த மேசையின் அந்தப் பக்க விளிம்பைக் காட்டினார். அந்தப் பொம்பளைகளில் நானும் ஒருத்தி என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. குறி தப்பியிருந்தால் என்மேல் பட்டிருக்கலாம்.

பிறகு என்னை ஏற்றினார்கள். சாமி வந்திருக்கும்போது உங்கள் கணவருக்குத் தான் செய்வது தெரியுமா என்று கேட்டார் அதிகாரி. கேள்வியைக் கேட்டதுமே எனக்குப் புரிந்துவிட்டது. தெரியும் என்றால், தெரிந்தே போலீஸ்காரன் மேல் அருவாளை ஓங்கியவர் ஆகிறார். தெரியாது என்றால், சொன்னால் கேட்கிற நிலையில் இல்லாதவர் ஆகிறார். எதைச் சொன்னாலும் சுட்டது சரி என்றுதான் போய் முடியும். தெரியாது என்றேன். முன்பு யாருக்காவது காயம் பட்டிருக்கிறதா என்றார். தண்டல் பின் வரிசையில் உட்கார்ந்திருந்தார், பார்த்தேன். பொய் சொல்வதென்றால் யோசிக்க வேண்டும், ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும். எனக்கு அதற்குத் தெம்பில்லை. நடந்தது அப்படியே இருந்தது, எடுத்துச் சொன்னேன். தோளில் வெட்டு, எலும்பு தெரிந்தது, எல்லாவற்றையும். மொழிபெயர்ப்பாளர் ஒரு நொடி என்னைப் பார்த்துவிட்டுத்தான் இங்கிலீஷில் சொன்னார். தண்டல் எழுந்து வெளியே போய்விட்டார். அதற்குப் பிறகு லயன் ஆட்கள் ஒருவரும் என் வீட்டுப் படி ஏறவில்லை. சாமியைக் காட்டிக்கொடுத்தவள் என்றார்களாம்.

நான் ஒரு கேள்விக்காகக் காத்திருந்தேன். அவர் வெட்டியிருப்பாரா, மாட்டாரா? இத்தனை பெரிய கோர்ட்டு, இத்தனை படித்தவர்கள், கடைசியில் அதைக் கண்டுபிடித்துச் சொல்வார்கள் என்றுதான் நம்பிப் போயிருந்தேன். ஒருவரும் அதைக் கேட்கவில்லை. முடிவு சொல்லும்போது அதிகாரி என்னைப் பார்த்து, வருத்தத்தோடுதான், மெல்ல மெல்லப் பேசினார். அந்த நேரத்தில், அந்த இடத்தில், ரத்தம் வழிகிற அருவாள் தலைக்கு மேல் வந்தபோது, தன் உயிர் போகப்போகிறது என்று அந்தப் போலீஸ்காரர் நினைத்தது நியாயம். ஆகவே சுட்டதும் நியாயம். இறந்தவர் மனசில் என்ன இருந்தது என்பதை இந்தக் கோர்ட்டு தீர்மானிக்க வேண்டியதில்லை என்றார்.

நான் அதைப் பலமுறை புரட்டிப் பார்த்துவிட்டேன். அவர் சொன்னதில் தப்பு இல்லை. அந்த இடத்தில் என் அண்ணன் தம்பி யாராவது போலீஸ் உடுப்பில் நின்றிருந்தால், சுடு என்றுதான் நானும் கத்தியிருப்பேன். அவன் நினைத்தது நியாயம் என்பது அவனைப் பற்றியது. என் வீட்டுக்காரரைப் பற்றி அவர்கள் ஒன்றும் சொல்லவில்லை. சாமிக்காரர்களுக்குச் சாமி வெட்டாது என்று முன்பே தெரியும். சட்டத்துக்கு அது தெரியவே வேண்டாம். இரண்டு பக்கமும் கையை உதறிவிட்டு எழுந்துகொண்டார்கள்.

வராந்தாவுக்கு வந்து மகளின் கையைப் பிடித்தேன். படிக்கட்டுக்குப் பக்கத்தில் அந்தப் பையன் நின்றிருந்தார், தனியாக. என்னைப் பார்த்ததும் கிட்டே வந்தார். கூட வந்த போலீஸ் அதிகாரி ஒருவர் தூரத்திலிருந்து வேண்டாம் என்று கை காட்டினார். பையன் அதைக் கவனிக்கவில்லை.

"அக்கா" என்றார். "ஒண்ணே ஒண்ணு கேட்டுக்கறேன். உங்களத் தவிர யாருக்கும் தெரியாது. வெட்டியிருப்பாராக்கா?"

ஜெயித்துவிட்டவர் இதைக் கேட்கிறார். இவருக்கு என்ன குறை என்று முதலில் எரிந்தது. முகத்தைப் பார்த்தேன். சரியாகத் தூங்கிப் பல நாள் ஆன முகம். இரண்டு வார்த்தைதான் என்னிடம் இருந்தது. ஒன்றைச் சொன்னால் இந்தப் பையன் வீட்டுக்குப் போய்ச் சோறு தின்பான். இன்னொன்றைச் சொன்னால் என் வீட்டுக்காரர் நல்லவராக இருப்பார். எனக்கு ஒருவர் மேலும் இரக்கம் வரவில்லை. போக வேண்டும், பஸ் பிடிக்க வேண்டும், அதுதான் இருந்தது.

"வெட்டியிருப்பாரு" என்றேன். "போப்பா."

அவர் கையால் முகத்தைப் பொத்திக்கொண்டு சுவரில் சாய்ந்தார். தோள் குலுங்கியது. அவர் அழுகிறார், எனக்கு அழுகை வரவில்லையே என்று பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகு மகளை இழுத்துக்கொண்டு படி இறங்கினேன்.

பஸ்ஸில் இடம் கிடைத்தது. அவளை ஜன்னலோரம் விட்டேன். பாதி வழி வரைக்கும் வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள்.

"அம்மா, அந்த மாமாவ அப்பா வெட்டியிருப்பாரா?"

"மாட்டாரு" என்றேன்.

"அவர்கிட்ட வெட்டியிருப்பாருன்னு சொன்னீங்களே."

"அது அவருக்குச் சொன்னது."

அவள் என் பக்கம் திரும்பினாள். அழவில்லை, கோபமும் இல்லை. கணக்கு வாத்தியாரிடம் கேட்கிற மாதிரிதான் கேட்டாள்.

"அப்ப இது எனக்குச் சொன்னதா?"

பஸ் தேக்காவுக்கு வந்துவிட்டது. "எறங்கு" என்றேன்.